தெரிந்தும் பேசாமல் இருந்தேன். அது தவறா?

ஜலகண்டாபுரத்தான்:

வணக்கம். ஒரு வருடமாக மனதில் கிடப்பதை இங்கே எழுதுகிறேன்.

என் சித்தப்பா மகன் விசைத்தறி ஓட்டுகிறான். அவனுக்கு இரண்டும் பெண் குழந்தைகள். போன வருடம் அவன் மனைவி மூன்றாவது முறையாக முழுகாமல் இருந்தாள். நாலாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. "ஒரு இடம் வரைக்கும் போயிட்டு வந்துடறோம், பிள்ளைகளைப் பார்த்துக்குங்க" என்று இருவரையும் எங்கள் வீட்டில் விட்டுப் போனார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கம் யாரும் கேட்கவும் மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும் என்பதால். அடுத்த வாரம் "கரு தங்கலை" என்றார்கள். என் மனைவி ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதோடு முடிந்தது.

போன மாதம் பெரியவள் என்னிடம் கேட்டாள். ஏழு வயது. "பெரியப்பா, அந்தப் பாப்பா பொண்ணுங்கிறதாலதான் வேண்டாம்னு சொன்னாங்களா?" வீட்டில் பெரியவர்கள் பேசியதைக் கேட்டிருக்கிறாள். எனக்குப் பதில் வரவில்லை.

2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். 2011-ல் 916. உயர்ந்துவிட்டது என்று நானும் சந்தோஷப்பட்டவன்தான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது 2011-க்கு எத்தனையோ வருடம் கழித்து.

அன்று நான் வாய் திறந்திருக்க வேண்டுமா? யாரிடம்? இப்போது பேசினால் யாருக்காவது பயன் உண்டா?

ஆரோக்கியம்_தூத்துக்குடி:

பேசியிருக்க வேண்டும் அண்ணா. உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, நானும் பல இடங்களில் வாய் மூடி இருந்தவன்தான். ஆனால் கேள்வி கேட்டுவிட்டீர்கள், அதனால் நேராகச் சொல்கிறேன்.

உங்கள் மனம் ஏன் உறுத்துகிறது? அங்கே போனது ஒரு பெண் குழந்தை என்று உங்களுக்குத் தெரிவதால். வயிற்றில் இருந்தது வெறும் சதை என்றால் ஆணா பெண்ணா என்பதில் என்ன இருக்கிறது? பெண் என்று தெரிந்து கலைத்தது பாவம் என்று ஒத்துக்கொள்கிற நொடியிலேயே அங்கே ஒரு பெண் இருந்தாள் என்று ஒத்துக்கொள்கிறோம். அப்புறம் ஆண் குழந்தையைக் கலைத்தால் மட்டும் எப்படிச் சரியாகும்? ஏழ்மையால், அவசரத்தால், ஊர் பேசும் என்ற பயத்தால் கலைத்தால் எப்படிச் சரியாகும்? நான் கத்தோலிக்கன். 1995-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உயிரைப் பற்றி எழுதிய சுற்றுமடல் எங்களுக்கு இதைத்தான் சொல்கிறது. ஆனால் இதைப் புரிந்துகொள்ள ஞானஸ்நானம் தேவையில்லை. எல்லாக் கருக்கலைப்பையும் பற்றி, எல்லோரும் பேச வேண்டும். பேசாதவன் சம்மதித்தவன்.

வெண்ணிலா_கோவை:

ஆரோக்கியம் சகோ, உங்கள் கேள்விக்குப் பதில் உண்டு. அந்தச் செயலில் இழிவுபட்டது உயிரோடு இருக்கிறவர்கள். இரண்டு பெண் குழந்தைகளுக்கு "உங்களைப் போல இன்னொன்று வேண்டாம்" என்று சொல்லப்பட்டிருக்கிறது. பெரியவள் அதைக் கேட்டுவிட்டாள். அந்த அம்மாவுக்கு "நீ பெற வேண்டியது இது" என்று ஆர்டர் போடப்பட்டிருக்கிறது. தவறு அங்கேதான் இருக்கிறது. அதற்காக எல்லாக் கருக்கலைப்பும் தவறாகிவிடாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு காப்பர் டி போட்டிருந்தேன். அதையும் மீறித் தங்கிவிட்டது. ஆறு வாரம். மருந்துச் சீட்டோடு நான்கு மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கினேன். மைஃபெப்ரிஸ்டோன் என்ற கலைப்பு மாத்திரையின் பெயரைப் படித்ததும் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். "அதெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் வரும்மா, வைக்கிறதில்லை." ஒரு மருத்துவமனையில் கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார்கள். வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்பது சட்டம், அவர்களுக்கும் தெரியும். இன்னோர் இடத்தில் அப்படியே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொண்டால்தான் கலைப்போம் என்றார்கள். வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குக் கேட்கும்படி நர்ஸ் சத்தமாகக் கேட்டார், "எத்தனாவது தடவை?"

ஊரே "பேசிப் பேசி" வந்த நிலைமை இது. பெண் சிசுவைக் காப்பாற்றப் போகிறோம் என்று எல்லோரும் பேசினார்கள். சுவரெல்லாம் எழுதினார்கள், "கருக்கலைப்பு பாவம்" என்று. ஆணா பெண்ணா என்று பார்ப்பதுதான் குற்றம், கலைப்பது சட்டத்துக்கு உட்பட்டது என்பதைச் சேர்த்து எழுத யாருக்கும் தோன்றவில்லை. கார் வைத்துக்கொண்டு விடியற்காலையில் போகிறவர்களுக்கு அதனால் ஒரு தடையும் வரவில்லை. நேர் வழியில் போன எனக்குத்தான் கதவு சாத்தப்பட்டது.

அண்ணா, உங்கள் தம்பி மனைவியின் வயிற்றைப் பற்றி ஊரில் பேசுவது உங்கள் கடமை இல்லை. அவரிடம் ஒரு தடவை "உனக்கு இதில் விருப்பமா" என்று கேட்டிருக்கலாம். அதைத்தான் நீங்கள் யாருமே செய்யவில்லை.

கருப்பு_அங்கி:

நான் வழக்குரைஞர். இரண்டு சட்டம் இங்கே ஒன்றாகக் குழம்புகிறது, அதனால் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன்.

கருக்கலைப்புச் சட்டம் 1971. அதற்கு முன் தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றி எதற்காகக் கலைத்தாலும் தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவில் குற்றம், பெண்ணும் குற்றவாளி. மறைவாகக் கலைத்துச் செத்துப்போனவர்களைப் பார்த்துத்தான் 1964-ல் சாந்திலால் ஷா குழு போட்டார்கள், பிறகு சட்டம் வந்தது. 2021 திருத்தத்துக்குப் பின், சட்டம் சொல்லும் காரணங்களுக்கு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். சில பிரிவினருக்கு 24 வாரம் வரை, இரண்டு மருத்துவர்கள். கலைத்துக்கொண்ட பெண் யார் என்பதை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்பதும் அந்தத் திருத்தத்தில் உண்டு.

கருவின் பாலினம் பார்ப்பதைத் தடை செய்யும் சட்டம் 1994. சட்டம் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று 2000-ல் செஹாட், மாசும் என்ற இரண்டு அமைப்புகளும் ஆய்வாளர் சாபு ஜார்ஜும் உச்ச நீதிமன்றம் போனார்கள். அதற்குப் பிறகுதான் ஸ்கேன் மையங்களைப் பதிவு செய்யும் வேலை வேகம் பிடித்தது. பேசியதால் நடந்த காரியம் அது.

இந்த விவாதத்துக்கு முக்கியமானது அந்தச் சட்டத்தின் பிரிவு 24. கர்ப்பிணியைக் கணவரோ உறவினரோ வற்புறுத்தித்தான் அழைத்துப்போனார்கள் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும், வேறாக நிரூபிக்கப்படும் வரை. ஆகவே புகார் கொடுத்தால் அந்தப் பெண் சிறை போவாள் என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது. கணவர் கதை வேறு. பார்க்கச் சொல்லிப் போனவருக்கு முதல் முறையே மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

யாரிடம் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். மாவட்டத்தில் இதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர் இருக்கிறார், இங்கே பொதுவாக மருத்துவப் பணிகள் இணை இயக்குநர். அவருக்கு எழுதலாம். அவர் அசையவில்லை என்றால் 15 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் நேராக நீதிமன்றம் போகலாம். பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை.

ஜலகண்டாபுரத்தான்:

விளக்கத்துக்கு நன்றி சார். படித்துவிட்டு இன்னும் பயம்தான் கூடியது. நான் எழுதினால் என் தம்பி உள்ளே போவான். தறி நிற்கும். அந்த இரண்டு பிள்ளைகளும் தெருவில் நிற்கும். பெண் பிள்ளைகளுக்காகப் பேசப் போய் இரண்டு பெண் பிள்ளைகளின் சோற்றில் மண் போட்டதாகிவிடாதா?

வெண்ணிலா, நீங்கள் சொன்னது உண்மை. அவளிடம் யாரும் கேட்கவில்லை. நான் அந்த வீட்டு ஆண், என்னால் அவளிடம் எப்படிக் கேட்க முடியும் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உசிலை_நர்சம்மா:

தம்பி, நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். உசிலம்பட்டிப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு 23 வயது. அந்தச் சமயத்தில்தான், 1986-ல், எங்கள் பகுதியில் பெண் சிசுக்கள் சாவது டெல்லிப் பத்திரிகையில் பெரிதாக வந்தது. அதற்கு முன்பே ஊரில் தெரியாதவர் யாரும் இல்லை. எருக்கம்பாலா, நெல்மணியா என்பது வரைக்கும் தெரியும். குழந்தை பிறந்து மூன்றாவது நாள் போனால் தொட்டில் இருக்காது. "ஜன்னி கண்டுருச்சு நர்சம்மா" என்பார்கள். நான் நோட்டில் ஜன்னி என்றே எழுதிவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கையெழுத்து இன்னும் எங்கோ ஒரு பதிவேட்டில் இருக்கும்.

பிறகு வெளியூரிலிருந்து எல்லோரும் பேச வந்தார்கள். கேமரா வந்தது. போலீஸ் வந்தது. யார் மாட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? பச்சை உடம்போடு பெற்றவளும், அந்த வீட்டுக் கிழவியும். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ஆம்பிளை தறியிலோ வயலிலோ இருந்தான். அதனால் வெண்ணிலா சொல்கிற பயம் எனக்குப் புரிகிறது.

ஆனால் பேசக் கூடாது என்று மட்டும் சொல்ல மாட்டேன். வளர்க்க மனமில்லாத குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் வந்தது யாரோ பேசியதால்தான். பிறகு அது மதுரை, தேனி, தர்மபுரி என்று போனது. 2011 கணக்கில் கடலூர் 896, அரியலூர் 897 என்று வந்ததும் அங்கேயும் கொண்டுபோனார்கள். தொட்டில் வைப்பதே பெண் குழந்தையை விட்டுப் போகச் சொல்வது போல என்று திட்டியவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் இன்று உயிரோடு இருக்கிறார்கள்.

நான் கற்றுக்கொண்டது எப்போது பேசுவது என்பதை. 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வரும்போதே எனக்குத் தெரியும் இவளுக்கு ஏற்கெனவே இரண்டும் பெண் என்று. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று ஓரளவு உறுதியாகத் தெரியப் பதிமூன்று, பதினான்கு வாரம் ஆகும். நடுவில் எனக்குக் கிடைப்பது மூன்று நான்கு வாரம். அந்த வீட்டுக்கு வாரம் இருமுறை போவேன். மாமியாரிடம் உட்கார்ந்து முறுக்கு பிழிந்து கொடுத்துக்கொண்டே பேசுவேன். "நாலு மாசக் கருவை எங்கேயோ ஒரு வீட்டில் வைத்துக் கலைத்தால் உங்க மருமக திரும்பி வருவாளா மாட்டாளான்னு எனக்குத் தெரியாது. இந்த ரெண்டையும் நீங்க வளர்ப்பீங்களா?" என்பேன். நிறைய வீட்டில் கேட்டார்கள். சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

ஒரு பெண்ணை மட்டும் மறக்க முடியவில்லை. திருமணம் ஆகாதவள். ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டு இரண்டு நாள் ரத்தப்போக்கு. வீட்டில் யாருக்கும் சொல்ல முடியவில்லை. எனக்குச் சொல்லவும் பயம், நான் ஊரில் "கலைக்காதே" என்று பேசுகிற நர்சம்மா ஆயிற்றே. அவள் தங்கை ஓடி வந்து சொன்னபோது கை கால் சில்லிட்டிருந்தது. வண்டி வருவதற்குள் போய்விட்டாள். நான் பேசிய பேச்சு அவளை என்னிடம் வரவிடாமல் செய்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வரியாக இதைச் சொல்வேன்: "கலைக்கணும்னு நினைச்சாலும் முதலில் என்கிட்ட வாங்க."

ஆரோக்கியம்_தூத்துக்குடி:

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. பெண்ணைச் சிறையில் போடச் சொல்லி நான் கேட்கவே இல்லை. அவளைத் தனியாக விட்டதுதான் பாவம்.

ஆனாலும் என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. அதை ஏன் விட முடியவில்லை என்று சொல்கிறேன். என் மகளுக்கு ஒன்பது வயது. டவுன் சின்ட்ரோம். ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் பிறகு பரிசோதனையில் தெரிந்தது. டாக்டர் நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார்: "இன்னும் டைம் இருக்கு, யோசிங்க." சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் யோசிக்கச் சொன்னார்கள். ஒருவர்கூட "வைத்துக்கொள், நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லவில்லை. அந்த மௌனத்தில் நாங்கள் இருவரும் தவித்தது எங்களுக்குத்தான் தெரியும்.

வழக்குரைஞர் சார் 24 வாரத்தோடு நிறுத்தினார். கருவில் பெரிய குறைபாடு என்று மருத்துவக் குழு சொன்னால் 24 வாரத்துக்குப் பிறகும் கலைக்கலாம், இல்லையா? பெண் என்பதற்காகக் கலைத்தால் நாடே கொதிக்கிறது. என் மகளைப் போல இருப்பாள் என்பதற்காகக் கலைத்தால் அது உரிமை. பெரியவள் கேட்ட கேள்வியை என் மகள் ஒருநாள் என்னிடம் கேட்டால்? "அப்பா, என்னை மாதிரி பாப்பா வேண்டாம்னு சட்டமே சொல்லுதா?" வெண்ணிலா, உயிரோடு இருப்பவர்கள் இழிவுபடுவதுதான் தவறு என்றீர்கள். அதே அளவுகோலை இங்கேயும் வையுங்கள்.

வெண்ணிலா_கோவை:

வைத்துப் பார்த்தேன். எனக்கு முழுப் பதில் இல்லை. நீங்கள் சொன்னது என்னை உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும். என்னால் சொல்ல முடிவது ஒன்று. அந்தப் பிள்ளையை வளர்க்கப் பள்ளி இல்லை, தெரபிக்குப் பணம் இல்லை, தங்களுக்குப் பிறகு யார் என்று தெரியாது என்று அழுகிற ஒரு தாயைப் பிடித்து நீ பெற்றே ஆக வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கு மனைவி இருந்தார், வேலை இருந்தது, திடமான நம்பிக்கை இருந்தது.

நீங்கள் உங்கள் மகளைப் பற்றி என்னிடம் பேசினீர்கள், நான் கேட்டேன். இந்தப் பேச்சு எத்தனை வேண்டுமானாலும் வரட்டும். என்னைப் பற்றி ஊரிடமும் போலீசிடமும் பேசும்போதுதான் நான் ஒளிந்துகொள்கிறேன். இரண்டையும் "குரல் கொடுப்பது" என்ற ஒரே சொல்லில் போடாதீர்கள்.

ஓமலூர்_ராஜா:

அவரவர் குடும்பம், அவரவர் பாடு. மூணாவது பொண்ணுக்கும் நகை போட்டுக் கட்டிக்கொடுக்க நீங்கள் யாராவது பணம் தரப்போறீங்களா? பேசுவது சுலபம்.

உசிலை_நர்சம்மா:

தம்பி, பணம்தான் காரணம் என்றால் கூலிக்குப் போகிற வீட்டில் மட்டும் நடக்க வேண்டும். இரண்டு மாடி வீட்டிலும், பத்து ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிற வீட்டிலும் பார்த்திருக்கிறேன். அங்கே தோப்பு யாருக்குப் போகும் என்ற கவலை. 1989-லேயே தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. அந்தப் பங்கைக் கொடுக்க மனம் வராததற்குக் கருவில் இருப்பது என்ன செய்யும்?

ஸ்கேன்_அறை:

நான் கதிரியக்க மருத்துவர். எங்கள் தரப்பில் யாரும் பேசவில்லை, அதனால் வந்தேன்.

எங்களில் பலருக்கு இந்தச் சட்டத்தின் மேல் கோபம் உண்டு. ஸ்கேன் எடுக்கிற ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம் என்ற பதிவை நிரப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம் விடுபட்டாலும் மையத்துக்கு சீல் வைக்கலாம். எழுத்துப் பிழையையும் பாலினம் சொன்னதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்று மகப்பேறு மருத்துவர்கள் சங்கக் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2019 மே மாதம் நீதிமன்றம் மறுத்துவிட்டது. படிவம்தான் குற்றத்தைக் கண்டுபிடிக்க இருக்கிற ஒரே தடயம் என்றது. எனக்கு அப்போது வருத்தமாக இருந்தது. இப்போது அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன்.

காரணம், எனக்கு ஒருவரைத் தெரியும். உடன் படித்தவர். அவர் மையத்தில் படிவமெல்லாம் சுத்தமாக இருக்கும். வெளியே வரும்போது முகத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று எங்கள் வட்டாரத்தில் பேச்சு. மாநாட்டில் பார்த்தால் கை குலுக்குவோம், சேர்ந்து சாப்பிடுவோம். அவருக்கு எதிராக நாங்கள் ஒருவரும் ஒரு வரி எழுதியதில்லை. இன்று கைப்பெட்டி அளவுக் கருவியை வைத்துக்கொண்டு, மருத்துவமே படிக்காதவர்கள் வீட்டுக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். தர்மபுரிப் பக்கம் பிடிபட்டதாகச் செய்தி வருகிறது. அந்தக் கருவி எங்கள் தொழிலைத் தாண்டாமல் அவர்கள் கைக்குப் போகாது. யாரோ விற்றார், யாரோ பழக்கிவிட்டார்.

ஜலகண்டாபுரத்து நண்பரே, நீங்கள் ஒரு பங்காளி. உங்களுக்குத் தெரிந்தது ஒரு கார் மட்டும். எனக்குப் பெயர், முகவரி எல்லாம் தெரியும். உங்களைவிட எனக்குத்தான் கடமை அதிகம். இதை எழுதுவதற்கு முன் அதிகாரிக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை எழுதி வைத்துவிட்டேன். தபாலில் போட இன்னும் கை வரவில்லை. போடுவேன்.

கருப்பு_அங்கி:

டாக்டர், போட்டுவிடுங்கள். ஒரு சேதி மட்டும் சேர்க்கிறேன். பேசும் கடமையும் ரகசியம் காக்கும் கடமையும் மோதுகிற இடத்தை 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தொட்டது. சிறுமி கருவுற்று வந்தால் போக்சோ சட்டப்படி மருத்துவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பயத்தில் பிள்ளைகள் போலி டாக்டரிடம் போகிறார்கள். அதனால், சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் விட்டுவிட்டுத் தகவல் கொடுக்கலாம் என்றார்கள். சம்பவத்தைச் சொல், ஆளைக் காட்டாதே என்று. ஜலகண்டாபுரத்து நண்பருக்கும் இந்த வழி பொருந்தும். கார், ஸ்கேன் பார்த்த ஆள், இடம் பற்றி எழுதுங்கள்.

ஜலகண்டாபுரத்தான்:

மூன்று நாள் கழித்து வருகிறேன். நேற்று என் மனைவி அவளைப் பார்க்கப் போனாள். நான் சொல்லி அனுப்பவில்லை, இந்தப் பதிவுகளைப் படித்துக் காட்டியபோது அவளே கிளம்பினாள். இருவரும் கிணற்றடியில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். "என்கிட்ட யாருமே கேட்கலைக்கா. கார்ல ஏறுன்னாங்க, ஏறினேன்" என்றாளாம். ஒரு ஓட்டு வீடு. வெளியே மாடு கட்டியிருந்தது. உள்ளே கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். பணம் வாங்கியது காரை ஓட்டி வந்த புரோக்கர்தான். கலைத்தது வேறோர் இடம். பத்து நாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். நாங்கள் ரசம் கொடுத்தது அப்போதுதான்.

அந்தப் புரோக்கரின் போன் நம்பரும் ஊரின் பெயரும் கிடைத்திருக்கிறது. அவள் சம்மதத்தோடு அதை இணை இயக்குநருக்கு எழுதியிருக்கிறேன். அவள் பெயர் இல்லை, தம்பி பெயர் இல்லை.

ஆரோக்கியம்_தூத்துக்குடி:

நல்ல காரியம் செய்தீர்கள் அண்ணா. ஆனால் தம்பி பெயரை விட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. பணம் கொடுத்தவன் இல்லாமல் புரோக்கர் ஏது?

வெண்ணிலா_கோவை:

இந்த ஒரு விஷயத்தில் நானும் ஆரோக்கியம் பக்கம்தான். அந்தப் பெண் பத்து நாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறார். ஏறு என்று சொன்னவருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

உசிலை_நர்சம்மா:

பெயரைக் கொடுப்பதும் விடுவதும் அவள் முடிவு. அவளிடமே கேளுங்கள், இன்று இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து. ஆனால் தம்பி, நீங்கள் அவனோடு பேசாமல் விடாதீர்கள். புகார் எழுதியாயிற்று என்று அதை விட்டுவிட்டால் அடுத்த கார் வரும்.

ஜலகண்டாபுரத்தான்:

சரிம்மா. அவனுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். காலை ஆறு மணிக்குத் தறிப்பட்டறையை விட்டு வருவான். நாளைக்குப் போய் வெளியே நிற்கிறேன்.